பரிசுப் போட்டிகளில் பங்குபற்றுவோர் கவனத்திற்கு

குழு உறவுகளுக்கு வணக்கம். சீட்டிழுப்புகளில் பரிசு பெற வழி உண்டா என்று பலர் கேட்கிறீர்கள்.

முதலில், கூட்டம் குறைந்த போட்டியைத் தேடுங்கள். நாடு முழுவதற்குமான குலுக்கலில் 5 இலட்சம் கூப்பன்கள் சேர்ந்தால், உங்கள் 5 கூப்பன்களுக்கு முதற்பரிசு வாய்ப்பு இலட்சத்தில் ஒன்று. கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு புடைவைக்கடை வைக்கும் பெட்டியில் 500 கூப்பன்கள்தான் என்றால், அதே ஐந்துக்கு நூற்றில் ஒன்று. கட்டுரை, புகைப்படப் போட்டிகள் அதைவிடவும் நல்லவை. உட்கார்ந்து எழுத முன்வருவோர் குறைவு. உழைப்புக்கு அங்கே மதிப்பிருக்கிறது. நம் பிள்ளைகளை அவற்றுக்கே ஊக்கப்படுத்துங்கள்.

விதிமுறைகளைக் கடைசி வரி வரை வாசியுங்கள். ‘ஒருவருக்கு ஒன்று’ என்றிருக்க மூன்று அனுப்பினால் மூன்றுமே தள்ளுபடியாகலாம். முடிவுத்திகதி என்பது பெரும்பாலும் விண்ணப்பம் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டிய நாள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு அனுப்புவோர் ஒரு வாரம் முன்பே தபாலில் சேருங்கள். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி குமிழ்முனைப் பேனாவால் எழுதுங்கள். மாரி ஈரத்தில் மை கலங்கி, தொலைபேசி இலக்கத்தில் 1 என்பது 7 ஆகத் தெரிந்தால், பரிசு விழுந்தும் உங்களை அழைக்க முடியாது.

கலந்துகொள்ளாத போட்டியில் வென்றதாக அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, எவ்வளவு இனிமையாகப் பேசிக் கேட்டாலும் எவருக்கும் சொல்ல வேண்டாம். ‘பரிசை விடுவிக்க’ முற்பணம் கேட்பதும் மோசடியே. அத்தகைய இணைப்புகள் இக்குழுவில் வந்தால் உடனே நீக்கப்படும்.

உள்ளூர்ப் போட்டி விளம்பரங்களை, முடிவுத்திகதி தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து இங்கே பகிருங்கள்.