வில்லங்கச் சான்றில் வராத பெயர்

கும்பகோணம்,
ஆனி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கொல்லைக் கிணறும் ஊறத் தொடங்கியிருக்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுச் சென்ற, இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெராண்டேயின் நாவலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஐந்தாறு பக்கமாகப் படித்து முடித்தேன். நேப்பிள்ஸ் நகரத்து ஏழைக் குடியிருப்பில் வளரும் இரண்டு தோழிகளின் கதை என்று நீ சொல்லியிருந்தாய். ஆனால் அதில் ஒருத்தி அறுபத்தாறு வயதில், பழைய புகைப்படங்களிலிருந்து தன் உருவத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு காணாமல் போவதிலிருந்து கதை தொடங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. எழுதியவரும் அப்படியே செய்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே படித்தேன்.

1992இல் முதல் நாவல் வெளிவருவதற்கு முன்பே, அந்த நூலுக்காகத் தாம் எந்த மேடைக்கும் வரப்போவதில்லை என்றும், எழுதி முடித்த புத்தகத்துக்கு எழுதியவர் தேவையில்லை என்றும் அவர் தம் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார் அல்லவா? அதன் பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் அந்தப் புனைபெயருக்கு ஒரு முகம் இல்லாமலேயே எல்லாம் நடந்தது. ஆணாக இருக்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டார்களாம். ரங்கராஜன் மனைவியின் பெயரில் ‘சுஜாதா’ ஆன ஊரில் இருக்கும் நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது நீ திண்ணையில் உட்கார்ந்து சொன்ன அடுத்த பகுதிதான். 2016 அக்டோபரில் கிளாடியோ காட்டி என்ற பத்திரிகையாளர், பதிப்பகத்திலிருந்து யாருக்கு எவ்வளவு பணம் போயிற்று, ரோம் நகரில் யார் பெயரில் எந்த வீடு வாங்கப்பட்டது என்ற ஆவணங்களைத் தேடி எடுத்து, இன்னார்தான் அவர் என்று ஒரு மொழிபெயர்ப்பாளரின் பெயரை நான்கு நாடுகளின் இதழ்களில் ஒரே நேரத்தில் வெளியிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நம் பாஷையில் சொன்னால், அவர் ஒரு நாவலாசிரியைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறார்.

நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கட்டணம் கட்டினால் யார் சொத்துக்கும் யாரும் வில்லங்கம் பார்க்கலாம். சம்பந்தம் பேசுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டு நிலத்துக்கு வில்லங்கம் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் ஏராளம். சான்றில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சர்வே எண், கைமாற்றுத் தொகை எல்லாம் இருக்கும். ஏன் எழுதிக் கொடுத்தார், எழுதிக் கொடுத்த அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரா என்பது அதில் இருக்காது. அந்த எழுத்தாளரிடம் நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகைச் செய்தி. அதை அவர் புத்தகத்திலேயே கொடுத்துவிட்டார்.

அந்தப் பத்திரிகையாளர் பக்கத்து நியாயத்தையும் நீ சொன்னாய். தாம் நேப்பிள்ஸில் வளர்ந்ததாகவும், தாயார் தையல்காரி என்றும் அந்த எழுத்தாளரே எழுதி வெளியிட்டிருக்கிறார்; அது பொய்யானால், மறைந்திருக்கும் உரிமையை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது பத்திரிகையாளரின் வாதம். நான்கெல்லையைப் பொய்யாக எழுதினால் வழக்கு வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மாள் யாருக்கும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லையே. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று எழுதியவரின் பெயர் தெரியாமல் போனபோது, நம் முன்னோர் அந்த வரியையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று குறுந்தொகையில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு எத்தனை வேலி நிலம் இருந்தது என்று யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

இன்னொரு விஷயம். சித்திரையில் ஒரு சிற்றிதழில், பெயர் கேள்விப்படாத ஒருவர் எழுதிய சிறுகதையைப் படித்தேன். பத்திரப் பதிவுக்கு வந்த ஒரு பெண், தம்பிக்குக் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்தபடி, பூவரச மரத்தடிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, “இனிமே ஆடிக்குக் கூப்பிடுவானாய்யா?” என்று பத்திர எழுத்தரிடம் கேட்கிறாள். அவர் பதில் சொல்லாமல் பேனாவுக்கு மை ஊற்றுகிறார். உண்மையாகவே நான் அன்று பதில் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சில் அன்று எங்கள் இருவரையும் தவிர, பள்ளி விடுமுறை என்று என்னோடு வந்து, சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தைதான் இருந்தது.

கதையை எழுதியவர் யார் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன். அவருடைய பெயரை இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நீ தங்கியிருக்கும் விடுதியில் கடிதம் எத்தனை கை மாறி வரும் என்று எனக்குத் தெரியாது. படித்த இதழை அலமாரியில் வைத்திருந்தேன். போன வாரம் பார்த்தால், அது உன் அம்மாவின் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த எழுத்தாளரை அறிந்தவர் எவரேனும் உனக்குப் பழக்கமிருந்தால் ஒன்று மட்டும் தெரிவித்துவிடு. கதையில் அந்தப் பெண் எழுதிக் கொடுப்பது கிரையப் பத்திரம் என்று வருகிறது. அது தவறு. பாகம் பிரியாத பிதுரார்ஜிதச் சொத்தில் தன் பங்கைக் கூடப் பிறந்தவனுக்கு விட்டுக் கொடுப்பதற்குக் கிரையம் எழுதுவதில்லை. அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். கதை தொகுப்பாக அச்சேறும்போது திருத்திக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அப்பா