மண்ணை எங்கே எடுத்தார்கள், நனைத்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுரங்க மண்மேடுகள் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தி, 'மண் பரிசோதனை செய்து பாதுகாப்பானது என்று சான்று பெறப்பட்டுள்ளது' என்று முடிந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அந்த மாதிரிச் சான்றுகளுக்கு 26 வருடம் எண் எடுத்துக் கொடுத்தவன் நான். ஜார்க்கண்டில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை.

நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் பெயர்த்து வேறு இடத்தில் கொட்டுவார்கள். அங்கே அதை ஓ.பி. (ஓவர்பர்டன், அதாவது மேல்சுமை மண்) என்போம். நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களும் இப்படிப்பட்ட மேடுகளைப் பார்த்திருப்பார்கள். வெளியூர்க்காரர் மலை என்றே நினைப்பார். மலை காலங்காலமாக அமுங்கி இறுகியது. இது போன வருடம் டம்பரில் வந்து இறங்கியது.

எங்கள் கூடத்துக்கு அந்த மண் சிமெண்ட் சாக்கில் வரும். வாயில் ஒரு அட்டை கட்டியிருக்கும். மேட்டில் ஆட்டோ அளவுக்குப் பாறைகள் கிடக்கும். ஆனால் நாங்கள் சோதிக்கும் ஷியர் பாக்ஸ் 60 மில்லிமீட்டர் சதுரம், சோப்பு டப்பா அளவு. அதனால் சல்லடையில் 4.75 மில்லிமீட்டருக்கு மேல் நின்றதையெல்லாம் ஓரமாகக் கொட்டிவிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் அடைத்து, மேலே எடை வைத்து, பாதிப் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளுவோம். எந்த விசையில் மண் அறுந்து நகர்கிறது என்று டயல் காட்டும். அதிலிருந்து உராய்வுக் கோணம், அதாவது மண் எவ்வளவு சரிவு வரை வழுக்காமல் தாங்கும் என்பதன் அளவு, பாகையில் கிடைக்கும். அதை வைத்து மேடு எவ்வளவு சரிவாக, எவ்வளவு உயரம் நிற்கும் என்று இஞ்சினியர் கணக்குப் போடுவார். சரி, இதில் தப்பு ஒன்றும் இல்லை. சாக்கில் வந்த மண் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு முறை வந்த சாக்கில் சாம்பல் நிறக் கட்டிகள் நிறைய இருந்தன. சேறு இறுகிப் பாறையான வகை. சுத்தியலால் தட்டினால்தான் உடையும். ஒன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டியைக் காணோம், அடியில் கஞ்சி மாதிரி ஒரு படிவு. அன்று அதே மண்ணைக் காய்ந்தபடி ஒரு முறை, ஊற வைத்து ஒரு முறை சோதித்தேன். காய்ந்தபோது 31 பாகை வந்த கோணம் ஊறியதும் 23 ஆக இறங்கியது. இரண்டையும் எழுதிக் கொண்டுபோனேன். "மழையில் கொட்டுவதையே நிறுத்திவிடுவோம், காய்ந்த எண் போதும்" என்றார் மேலே இருந்தவர். அறிக்கை அப்படியே போனது. 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அந்த மேடு சரியவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

மழை நின்றால் மேட்டுக்குள் இருக்கும் தண்ணீரும் போய்விடுமா? 2016 டிசம்பர் 29 சாயங்காலம், கோடா மாவட்டம் லால்மாட்டியா சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 தொழிலாளிகள் செத்தார்கள். மழைக்காலம் முடிந்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. காரணம் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, மாதத்தை மட்டும் பாருங்கள் என்கிறேன்.

தண்ணீர் மேலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே 7-ஆம் எண் கழிவு மேட்டை 1958-இல் ஊற்றுகளின் மேலேயே கொட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஊற்றுகள் அரசு வரைபடத்திலேயே இருந்தன. 1966 அக்டோபர் 21 காலை ஒன்பதேகால் மணிக்கு மேடு குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். மேட்டு மண்ணை எத்தனை சாக்கு அள்ளிச் சோதித்தாலும் கீழே ஊற்று இருப்பதை அது சொல்லாது. அதற்குக் கொட்டுவதற்கு முன்பே அடி நிலத்தைத் துளை போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் பீசோமீட்டர் இறக்கி நீர் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் 2017-ஆம் வருட நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளில் சரிவு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் போனால் படிக்கட்டு மாதிரி பெஞ்ச் வைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஊறிப்போன களிமண் 37.5 பாகை வரை காத்திருக்காது. எங்கள் கூடத்தில் ஊற வைத்தபோது வந்த 23 பாகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேல்ஸில் 2020 பிப்ரவரி புயல் மழையில் டைலர்ஸ்டவுனில் ஒரு பழைய மேடு மறுபடி சரிந்தது. அதன் பிறகு கணக்கெடுத்தார்கள், 2,500-க்கும் மேல் கைவிட்ட மேடுகள் இருந்தன. அவற்றில் ஆபத்து அதிகமானவை எங்கெங்கே இருக்கின்றன என்று 2023 நவம்பரில் வரைபடமே வெளியிட்டார்கள். வீட்டு விலை விழும் என்று அங்கேயும் முணுமுணுப்பு இருந்திருக்கும். இருந்தாலும் வெளியிட்டார்கள்.

நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. மேட்டின் அடிவாரத்தில் ஊர் இருந்தால், அந்தப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டட்டும்: மண்ணை எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தார்கள், காய்ந்து சோதித்தார்களா நனைத்துச் சோதித்தார்களா, அடியில் ஓடையோ ஊற்றோ இருந்ததா, இந்த மாதம் பீசோமீட்டரில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது. உங்கள் நிருபரும் அடுத்த முறை 'சான்று உள்ளது' என்று யாராவது சொன்னால் இந்த நான்கையும் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
விருத்தாசலம்.