வீட்டுப்பாடம்: வாரத்துக்கு 2 மணி நேரம் என்ற கணக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறந்து புது நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடித்தாயிற்று. இனி ஒவ்வொரு வீட்டிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தொடங்குகிற இழுபறியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடத்தின் அளவும் சரியில்லை, வகையும் சரியில்லை. இரண்டையும் திருத்தப் புதிதாக ஆணை எதுவும் வரவேண்டியதில்லை. வகுப்பாசிரியரும் வீட்டில் இருப்பவரும் மனம் வைத்தால் இந்த வாரமே திருத்தலாம்.

1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதையொட்டி அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை, 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. இது வாரக் கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 120 நிமிடத்தை ஐந்து நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 24 நிமிடம்தான், அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து.

இந்த அளவு மீறிப்போவதற்குத் தனியாக எந்த ஆசிரியரும் காரணமில்லை. மூன்றாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், இந்தி, கம்ப்யூட்டர் என்று ஏழு பாடம் இருக்கிற பள்ளியில், ஒவ்வொருவரும் ‘கால் மணி நேர வேலைதானே’ என்று கொடுத்தால் 105 நிமிடம் ஆகிவிடுகிறது. கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. இதற்குக் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்தாலே போதும். பாடம் கொடுக்கும் ஆசிரியர் அதில் பாடத்தையும் அதற்கான நிமிடத்தையும் எழுத வேண்டும். 25 நிமிடம் நிரம்பிவிட்டால் அடுத்தவருக்கு மறுநாள்தான். கடைசிப் பீரியடு முடிவதற்குள் பிள்ளைகளே டைரியில் எழுதிக்கொள்ள வேண்டும். இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாக அனுப்புவதை அறவே நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் வரும் பாடத்தைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுதுவதில்லை, பெரும்பாலும் அம்மாதான் எழுதுகிறார்.

அளவைவிட மோசமானது வகை. ‘பார்த்து பத்துத் தடவை எழுதி வா’ என்பதுதான் இன்றும் அதிகம் கொடுக்கப்படும் வீட்டுப்பாடம். ‘அம்மா’ என்று பத்துத் தடவை எழுதும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் கவனியுங்கள். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘அ’ இறங்கும். அடுத்து அதன் பக்கத்தில் பத்து ‘ம்’. கடைசியாகப் பத்து ‘மா’. பக்கம் நிறைந்துவிடும், ஆனால் ‘அம்மா’ என்ற சொல்லைப் பிள்ளை ஒரு தடவைகூட எழுதியிருக்காது. ஏழாம் வாய்ப்பாடும் இப்படித்தான். 1 முதல் 10 வரை ஒரு வரிசை, பெருக்கல் குறி ஒரு வரிசை, 7 ஒரு வரிசை, சமக்குறி ஒரு வரிசை. விடைக்கு மட்டும் விரல் விட்டு முந்தைய விடையோடு ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டே வரும். நான்காவது இடத்தில் 28க்குப் பதில் 27 விழுந்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள ஆறும் தவறிப்போகும். மறுநாள் ‘ஆறு ஏழு எத்தனை?’ என்று தனியாகக் கேட்டால் முழிக்கத்தான் செய்யும்.

எழுத்துப் பயிற்சியிலும் இதே சிக்கல். முதல் வரியை ஆசிரியர் போட்ட மாதிரியைப் பார்த்து எழுதும் பிள்ளை, இரண்டாம் வரியிலிருந்து தான் மேலே எழுதியதையே பார்த்து எழுதுகிறது. ‘ழ’வின் வால் வரிக்கு வரி சுருங்கி, பக்கத்தின் அடியில் ‘ம’வாக நிற்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மாதிரி எழுத்தைப் போட்டுக் கொடுத்து, மூன்று வரியோடு நிறுத்திவிட வேண்டும். ஐந்து, ஆறு வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள்கூட இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. பென்சிலை அழுத்திப் பிடித்து விரல்நுனி வெளுக்கத் தொடங்கினால் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பத்துத் தடவை எழுதுவதற்குப் பதில் நான்கு சொல் போதும். பிள்ளை சொல்லைப் பார்க்கட்டும், வாய்விட்டுப் படிக்கட்டும், கையால் மூடிவிட்டு எழுதட்டும், பிறகு திறந்து தானே சரிபார்க்கட்டும். தப்பானால் அந்தச் சொல்லை மட்டும் இன்னொரு முறை எழுதினால் போதும். ல, ள, ழ வரும் சொற்களைச் சொல்லி எழுத வைக்கும்போது வாக்கியத்தோடு சொல்ல வேண்டும். பல வீடுகளின் பேச்சில் ‘வாழை’யும் ‘வாளை’யும் காதுக்கு ஒன்றுதான். ‘வாழைப்பழம் தின்றான்’ என்றால்தான் எந்த எழுத்து என்று பிள்ளை யோசிக்கும்.

கணக்குக்கு ஐந்து போதும். இங்கே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். 52இல் 27 போனால் மீதி 35 என்று பிள்ளை எழுதியிருந்தால் ரப்பரை எடுக்காதீர்கள். 2இலிருந்து 7 போகாது என்பதால் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது தவறு. பத்தைப் பிரிக்கத் தெரியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நீங்கள் அழித்து 25 என்று எழுத வைத்துவிட்டால் ஆசிரியர் ‘சரி’ போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். சொல்லித்தர விரும்பினால் ஈர்க்குச்சிகளை நறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் 52. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. அதில் 7 உதிரியையும் இரண்டு கட்டையும் எடுத்துவிட்டால் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மிஞ்சும். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று நாம் படித்த முறையைச் சொல்வதற்கு முன் இதைக் கையால் செய்ய வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும், இரவு ஷிப்டுக்குப் போகிற பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. பெரியவர் உதவி இல்லாமல் முடியாத பாடம் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் அடி வாங்கித் தரும் பாடமாகிவிடும். எட்டுப் பத்து வரிகளை விரல் வைத்து உரக்கப் படிப்பது எந்த வீட்டிலும் நடக்கும். பாட்டி கேட்டுவிட்டு ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் போதும், அவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறோம். வகுப்பில் மூன்று நிலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே பாடம் அனுப்புவது எப்படிப் பொருந்தும்? எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பிள்ளைக்கு ஐந்து சொல், சரளமாகப் படிப்பவருக்கு ஒரு பத்தி என்று பிரித்துக் கொடுக்கலாம்.

தெர்மாகோல் புராஜெக்ட், நெட் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டும் ஆல்பம் இவை தொடக்க வகுப்புக்கு வேண்டவே வேண்டாம். தண்டனையாக இம்போசிஷன் கொடுப்பதும் கூடாது. எழுதுவதையே தண்டனையாக்கினால் பிள்ளைக்கு எழுத்தின் மேல் எப்படி ஆசை வரும்?

வீட்டில் நேரத்தைப் பொறுத்தவரை, பள்ளி விட்டு வந்ததும் நோட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். ஏதாவது சாப்பிட்டு ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு, டி.வி.யும் போனும் அணைந்திருக்கும் ஓரிடத்தில், குப்புறப் படுக்காமல் உட்கார்ந்து எழுதட்டும். மூன்றாம் வகுப்பு முதல், 25 நிமிடம் ஆனதும், பாடம் முடியாவிட்டாலும், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு ‘நேரம் முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆசிரியர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை கொடுத்தால் அதிகம் என்று அவருக்குத் தெரிய வேறு வழி இல்லை.

பள்ளிகள் டைரியில் தினமும் இரண்டு சிறு கட்டங்கள் அச்சிடலாம்: ‘தானே செய்தது’, ‘உதவியோடு செய்தது’. டைரி ஏற்கெனவே அச்சாகிவிட்டதென்றால் ரப்பர் ஸ்டாம்ப் போதும். இந்த மாதம் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்தில் பெற்றோர் இதை எழுந்து கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.