பெரிய நாய்னா வெளியதான் படுக்கணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, சின்ன நாய்னா மடியில வச்சு கொஞ்சிக்கலாம், கன்னுக்குட்டி சைஸுக்கு வளர்றத எல்லாம் வீட்டுக்குள்ள விடவே கூடாது, வெயிலும் மழையும் பழகினாத்தான் அது நாய்னு. குட்டி வாங்கியாச்சாம், வெளிய ஷெட்டும் கட்டியாச்சாம். எழுதலாமா வேணாமான்னு மூணு நாள் யோசிச்சேன், ஏன்னா அவர் சொன்னத ஒரு வார்த்தை மாறாம நானும் ஒரு காலத்துல சொல்லிட்டு திரிஞ்சவன்தான்.

எங்க நாய் பீமா, கிரேட் டேன் இனம். இவ்ளோ பெரிய உடம்ப வச்சுக்கிட்டு உள்ள வந்தா நாம எங்க உக்கார்றதுன்னு பேசி சிரிச்சு, வீட்டுக்கு பின்னாடி தகர ஷெட் போட்டோம், சிமெண்ட் தரை, மேல ஒரு சாக்கு, அவ்ளோதான். ரெண்டு வயசு ஆகுறப்போ முன்னங்கால் முழங்கை ரெண்டுலயும் எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம், தொட்டா உள்ள கொழகொழன்னு ஓடுது. கட்டின்னு பயந்துட்டோம். டாக்டர் பாத்துட்டு முதல்ல கேட்டதே எதுல படுக்குதுன்னுதான். கனமான நாய் கெட்டித்தரையில தொப்புனு விழுந்து விழுந்து படுக்குறப்போ மொத்த வெயிட்டும் அந்த எலும்பு முனையிலதான் இறங்கும், தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல நீர் கட்டிக்கும், குத்தி எடுத்தா கிருமி உள்ள போகும் அதனால விட்டுடுங்க, தடியா மெத்தை வாங்கிப் போடுங்கன்னாரு. சின்ன நாய்க்கு இது வர்றதே அபூர்வம். பெருசு எதையும் தாங்கும்னு நாம நினைக்கிறோம், அது பெருசா இருக்குறதாலயே தாங்க மாட்டேங்குது.

வெயிலும் அப்படித்தான். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, பாதத்துல மட்டும் லேசா வேர்க்கும், மத்தபடி நாக்க தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட இறக்கணும். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா அதுவும் சரியா வேலை செய்யாது. ஆரோக்கியமான நாய்க்கே உடம்பு சூடு 38.3ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும், 41ஐ தாண்டினா உசுருக்கே ஆபத்து. உடம்பு பெருசாக பெருசாக உள்ள சேர்ற சூடும் ஜாஸ்தி, வெளிய விடுறதுக்கு தோல் அந்த அளவுக்கு பத்தாது. இந்த லட்சணத்துல தலைக்கு மேல தகரம் வேற! மத்தியானம் அந்த ஷெட்டுக்குள்ள ஒரு நாளாவது நான் பத்து நிமிஷம் உக்காந்து பாத்திருக்கணும்.

குளிருக்கு கதை வேற. அங்க பெரிய உடம்பு கொஞ்சம் கைகொடுக்கும், ஆனா ரோமத்த பாக்கணும். செயின்ட் பெர்னார்ட் மாதிரி அடர்த்தியா ரெண்டு அடுக்கு ரோமம் உள்ளது, நண்பர் வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, உள்ள கூப்பிட்டாலும் வராது, குளிர்ந்த மண்ணுல வயித்த ஒட்டிப் படுத்துக்கிட்டு நிம்மதியா தூங்கும். அத ஹீட்டர் போட்ட ரூம்ல அடைச்சா அதுதான் கொடுமை. கிரேட் டேன், டாபர்மேன், கிரேஹவுண்ட் எல்லாம் ஒட்டின ரோமம், கிரேஹவுண்டுக்கு கொழுப்பும் ரொம்ப கம்மி, ராத்திரி நடுங்கும். ஆக சைஸ வச்சு முடிவு பண்றது செருப்பு சைஸ பாத்து சட்டை எடுக்குற மாதிரி.

இப்போ சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். பீமாவுக்கு அஞ்சு வயசு. ராத்திரி சாப்பாடு வச்சிட்டு நாங்க படுத்துட்டோம். காலையில போய் பாத்தா வயிறு பறை மாதிரி விம்மி, ஷெட் பூரா வெறும் நுரை, நடந்து நடந்து தரையில சாக்கு ஒரு மூலைக்கு சுருண்டு கிடக்கு. உடம்பு ஆறிப்போச்சு. வயித்துல வாயு அடைச்சு இரைப்பை திருகிக்குறதாம், நெஞ்சு ஆழமா இருக்குற பெரிய நாய்ங்களுக்குத்தான் அதிகமா வரும், அதுலயும் கிரேட் டேனுக்கு ரொம்பவே. வாந்தி எடுக்க முக்கும், ஒண்ணும் வராது, ஒரு இடத்துல நிக்காது, வயிறு உப்பும். அந்த நேரத்துல தூக்கிட்டு ஓடினா ஆபரேஷன்ல பிழைக்க வாய்ப்பு இருக்கு, சில மணி நேரம் விட்டா இல்ல. பீமா குரைக்கல, அந்த நிலமையில பல நாய் குரைக்காதாம். நாங்க ரெண்டு சுவர் தாண்டி ஃபேன் போட்டு தூங்கிட்டு இருந்தோம்.

அடுத்தது ராணி, அதே இனம், உள்ளதான் வச்சோம். சுகமா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சந்தோஷத்துல வால ஆட்டினா டம்ளர் ஒரு பக்கம் ரிமோட் ஒரு பக்கம் பறக்கும். அந்த வால் நுனி சுவத்துல அடிச்சு அடிச்சு பிஞ்சு, ஹால் பூரா இடுப்பு உயரத்துக்கு ரத்தப்புள்ளி, யாராச்சும் புதுசா வந்தா என்னமோ ஏதோன்னு நினைச்சுக்குவாங்க. கட்டு போட்டா நிக்காது, ஆறவே மாசக்கணக்கு ஆச்சு. எச்சில் பத்தி பேசவே வேணாம். வழவழ டைல்ஸ்ல குட்டி கால் பரப்பி சறுக்கும், இத சும்மா விடக்கூடாது, இந்த மாதிரி ராட்சச இனத்துக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒன்றரை வருஷம்கூட ஆகும், அதுவரைக்கும் மூட்டுக்கு அடி படக்கூடாது. பழைய பாயும் ரப்பர் மேட்டும் வீடு பூரா விரிச்சோம், பாக்க அசிங்கமாத்தான் இருந்துச்சு.

ஆனா ஒண்ணு, உள்ள இடம் பத்தாதுன்னு பயந்தோமே, அது வீண் பயம். காலையும் சாயங்காலமும் நல்லா நடத்திட்டு வந்தா மிச்ச நேரம் மூலையில மூட்டை மாதிரி கிடக்கும், வளர்ந்த நாய் ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம் தூங்கும். வெளிய பெரிய இடம் இருந்தா அதுவா ஓடியாடிக்கும்னு சொல்றாங்களே, பீமா கேட்டுகிட்ட நின்னு எங்கள பாத்துட்டே இருந்ததுதான் ஜாஸ்தி. காவலுக்குன்னு சொல்றவங்களுக்கும் சொல்றேன், உள்ள படுத்திருக்குற நாய்க்கும் கேட்டு சத்தம் கேக்கும், அதோட வெளியாள் எவனும் விஷம் வச்சத தூக்கிப் போட முடியாது. சங்கிலி போட்டு நாள் பூரா கட்டி வைக்கிறவங்கள பத்தி எழுத ஆரம்பிச்சா இந்த கடிதம் முடியாது.

உள்ள வைக்கவே வழி இல்லன்னு சில வீட்டுல இருக்கும், ஒவ்வாமை இருக்கும், படுக்கையில வயசானவங்க இருப்பாங்க, வாடகைக்கு விட்டவர் ஒத்துக்க மாட்டார். அவங்கள நான் குறை சொல்லல. அப்படின்னா ஷெட் தரை மண்ணுல இருந்து கொஞ்சம் தூக்கி இருக்கணும், தலை இடிக்காம நிக்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் வேணும், மழையும் காத்தும் அடிக்கிற பக்கம் வாசல் வைக்காதீங்க. உண்ணிக்கும் கொசுவுக்கும் மருந்து தவறக்கூடாது, இதயப்புழு பரவுறதே கொசு கடிச்சுத்தான். காது நுனிய ஈ கடிச்சு புண்ணாக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவை கையால தடவிப் பாருங்க. நாலு மாசத்துக்கு உட்பட்ட குட்டியையும் மூட்டு வலியில எந்திரிக்க முடியாத கிழத்தையும் மட்டும் எப்படியாவது உள்ள எடுங்க.

கடிதம் எழுதின அந்த நண்பர் ஷெட்ட இடிக்க வேணாம். தகரத்துக்கு மேல கீத்து போட்டு, உள்ள மெத்தையும் தண்ணியும் வச்சா பகல்ல அது பாட்டுக்கு கிடக்கட்டும். ராத்திரி சாப்பாட்ட மட்டும் ஒரே தடவையா கொட்டாம ரெண்டா பிரிச்சு சீக்கிரமே வச்சிட்டு, படுக்கைய உங்க ரூம் கதவுகிட்ட போடுங்க சார். நடுராத்திரி அது எந்திரிச்சு நடந்தா அந்த நகம் தரையில படுற சத்தம் உங்க காதுக்கு கேக்கணும்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்