அப்பாவுக்கு, அமெரிக்காவின் டிராய் நகரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு எல்லோரும் நலமறிய ஆவல்.

ஃபிரட்டர்னிட்டியில், அதாவது ஒரே வீட்டில் சேர்ந்து தங்கும் மாணவர் சங்கத்தில், சேரப்போகிறேன் என்று போனில் சொன்னதும் மௌனமாகிவிட்டீர்கள். குடி, கும்மாளம், ராகிங் என்று நினைத்திருப்பீர்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

நான் படிக்கும் ரென்சலேர் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 1824-ல் தொடங்கியது. புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் 1857-ல் இங்கே படித்து வெளியேறியவர். அந்த நாளில் பையன்கள் ஊருக்குள் வாடகைக்குத் தங்கிப் படித்தார்கள். கூடிப் பேச ஒரு துணை தேடித்தான் இந்தச் சங்கங்கள் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1864-ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, எட்டு மாணவர்கள் இங்கே 'தீட்டா சை' சங்கத்தை ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே யேல் பல்கலைக்கழகத்தில் கிளை. பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது.

நான் சேர நினைப்பது அதுவல்ல, வேறொரு சங்கம். அது 1866-ல் 'பை ஈட்டா அறிவியல் கழகம்' என்று தொடங்கி, பின்னால் 'ரென்சலேர் பொறியாளர் சங்கம்' ஆனது. படிப்புக்காகக் கூடிய கூட்டம் என்று பழைய பெயரே சொல்கிறது. வேறு ஊரில் கிளை கிடையாது, உத்தரவு போடத் தலைமையகமும் கிடையாது. வீட்டில் இருக்கும் பையன்களும் படித்து முடித்துப் போனவர்களும்தான் பொறுப்பு. இத்தனை வருடம் அப்படியே தாக்குப்பிடித்திருக்கிறது என்பதுதான் அப்பா, என்னை இழுத்தது.

சேஜ் அவென்யூவில் மேட்டில் இருக்கிறது வீடு. போன வாரம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சமையலறைக் கதவில் இந்த வாரம் யார் பாத்திரம் கழுவுவது, யார் குப்பை எடுப்பது என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தது. கணக்கு எழுதுபவன் என் வகுப்புப் பையன். கொதிகலன் பழுதுக்கு ஆன செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தான். ஒருவன் ரசீது கேட்டான், உடனே எடுத்துக் காட்டினான். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இப்படி ஒரு நாள் நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ராகிங் பற்றி நானே நேராகக் கேட்டேன். நம் மாநிலத்தில் 1997-ல் சட்டம் வந்தது போல இந்த நியூயார்க் மாநிலத்திலும் அது தண்டனைக்குரிய குற்றம். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தனியாகவும் விசாரித்தேன். பயப்படும்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்காத எதையும் செய்ய மாட்டேன், இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று அம்மா கேட்பாள். அடுப்பு பொது, நானே சமைத்துக்கொள்ளலாம். ரசப்பொடி மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

மாத இறுதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அம்மாவோடு கலந்து பேசிவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
செந்தில்