தொட்டி வாங்குவதற்கு முன் வடிகாலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம். நம் பள்ளியின் மறுசுழற்சித் திட்டம் பற்றி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு மாலை, மழைக்குப் பின்வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றேன். மைதானத்துத் தண்ணீர் மொத்தமும் அங்கிருக்கும் வடிகாலில்தான் வந்து இறங்குகிறது. மேலே போட்டிருக்கும் இரும்புக் கம்பியில் பிஸ்கட் உறைகள், ஸ்ட்ரா, மூடி தொலைந்த பேனா எல்லாம் அப்பிக் கிடந்தன. பாட்டில் மூடி ஒன்று, நீல நிறம், நாலைந்து முறை சுற்றிவிட்டு இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது. கம்பியில் சிக்கியதைவிட இப்படி நழுவிப் போனதுதான் அதிகம் இருக்கும் என்று அப்போது தோன்றியது.

கழிப்பறைத் தண்ணீர் போகும் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. இரண்டும் தனித்தனியாக இருக்கும் ஊர்களில் மழைநீர் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. பக்கத்து ஓடைக்கோ ஏரிக்கோ நேராகப் போய்ச் சேர்கிறது. பாட்டில் மூடி தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக், அதனால் மிதக்கும். பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது. உள்ளே தண்ணீர் புகுந்தால் அடியில் போய்ப் படுத்துவிடும். ஏரியில் நம் கண்ணில் படுவது மிதக்கிற பாதி மட்டும்தான். வெயிலிலும் அலையிலும் நொறுங்கி 5 மில்லிமீட்டருக்கும் சிறிதாகிவிட்டால் அதற்கு நுண்நெகிழி என்று பெயர். அப்புறம் அதை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. பொறுக்க முடிகிற கடைசி இடம் நம் பின்வாசல்.

அதற்காக, மறுசுழற்சித் திட்டம் என்றதும் மூன்று நிறத்தில் தொட்டி வாங்கிவிட வேண்டாம். போன முறை சுற்றுச்சூழல் தினத்தன்று வாங்கினோம், படமும் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதத்தில் மூன்று தொட்டியும் ஒரே சாக்கில் கொட்டப்பட்டதை என் மகள் பார்த்திருக்கிறாள். துப்புரவுப் பணியாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிரித்ததை எடுத்துப்போக ஆள் இல்லாதபோது அவர் வேறு என்ன செய்வார்?

2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம் என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே முதல் வேலை, எதை யார் வாங்கிக்கொள்வார் என்று விசாரிப்பது. காகிதம், அட்டை, பெட் பாட்டில், உலோகம் ஆகியவற்றுக்குப் பொதுவாக ஆள் கிடைக்கும். பளபளக்கும் தின்பண்ட உறைக்குக் கிடைப்பது அரிது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு அது, பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதற்கும் ஒரு தொட்டி வைத்துப் பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. உறை பள்ளிக்குள் வருவதையே குறைக்க வேண்டும். டப்பாவில் கொண்டுவரச் சொன்னால் பாதி தீர்ந்துவிடும்.

சேர்த்ததைத் திறந்தவெளியில் குவித்தால் அடுத்த மழையில் அதுவும் வடிகாலுக்குத்தான் போகும். கூரை வேண்டும். பாட்டிலில் மீதமிருக்கும் பானத்தைக் காலி செய்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், ஈரமான காகிதத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். பிரிக்கும் வேலையைத் துப்புரவுப் பணியாளர் தலையில் கட்டாதீர்கள். அந்தந்த வகுப்பு முறை வைத்து, இடுக்கியும் கையுறையுமாகச் செய்யட்டும்.

பழுதான பழைய ரக ஃப்ளோரசன்ட் குழல்விளக்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய கட்டடத்துக்குப் பின்னால் உடைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. தண்ணீரில் கலக்கும் பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசம் என்ற நச்சாக மாறி மீனுக்குள் சேர்கிறது. உடையாத விளக்குகளையும், கால்குலேட்டரிலும் கடிகாரத்திலும் இருந்து கழற்றும் பேட்டரிகளையும் பூட்டிய பெட்டியில் வைத்து, அபாயக் கழிவு எடுக்கும் அமைப்பிடம்தான் தர வேண்டும். இதில் பிள்ளைகளை ஈடுபடுத்தவே கூடாது.

இன்னொன்று, அதிக பாட்டில் சேர்த்த வகுப்புக்குப் பரிசு என்று அறிவித்துவிடாதீர்கள். பரிசுக்காகப் புதிது புதிதாகப் பாட்டில் வாங்குவார்கள். என் மகளே வாங்குவாள், எனக்குத் தெரியும். எடை போட வேண்டியது தொட்டியை அல்ல. வடிகால் வாயில் ஒரு வலை கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அதில் சிக்கியதை எண்ணி, கணக்கு வகுப்பில் வரைபடமாகப் போடட்டும். அந்தக் கோடு இறங்கினால் திட்டம் நடக்கிறது என்று அர்த்தம். வலையைக் கவனிக்காமல் விட்டால் அடைத்துக்கொண்டு மைதானம் குளமாகிவிடும் என்பதும் உண்மை. மழைக்கு முன்னும் பின்னும் அதைச் சுத்தம் செய்ய ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். வலை கட்ட உங்கள் அனுமதியும் பின்வாசல் சாவியும் வேண்டும். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்