சின்னவனின் ஒரு டாலர் நோட்டுகள்

அன்புள்ள சங்கரா,

உனக்குச் சுகர் இறங்கியதில் சந்தோஷம். நம் சிநேகிதன் மொட்டையின் மகளுக்கு வரன் அமைந்ததிலும் சந்தோஷம், மொய் அனுப்பிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவன் வேலைக்குப் போகிறான். உடனே கம்ப்யூட்டர் என்று நினைக்காதே. டாலஸில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் வேலட் பார்க்கிங். வெள்ளி, சனி ராத்திரிகளில் சாப்பிட வருகிறவர்களின் காரை வாங்கி நிறுத்துவான், அவர்கள் கிளம்பும்போது எடுத்துவந்து கொடுப்பான். நடந்து போனால் மேனேஜர் முறைப்பாராம், ஓடவேண்டும். படிக்கிற பையன், கைச்செலவுக்கு ஆகும் என்கிறான். உன் தங்கச்சி முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை.

அவன் ராத்திரி ஒரு மணிக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் பாக்கெட்டைக் கவிழ்ப்பான். டிப்ஸாக வந்த, நாலாக மடித்த ஒரு டாலர் நோட்டுகள், வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மாக்காரி அவற்றைப் பிரித்து நீவி அடுக்க ஆரம்பித்ததில் கோபம் தீர்ந்துபோனது. அதுவும் அவன் ஒருவனுக்கே கிடைத்தது இல்லை. வந்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பசங்கள் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் நோட்டு எண்ணும்போது போகிற போக்கில் சொன்னான்: "அப்பா, இந்தியன் ஃபேமிலி கார் வந்தா மத்த பசங்க என்னைத் தள்ளிவிடுறாங்க. உங்க ஆளுங்க, நீயே போ, டிப்ஸ் வராதுன்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடியபோது இதை எடுத்துப் போட்டேன். "வேலட்டுக்குத்தான் 15 டாலர் கட்டுகிறோமே" என்றார் ஒருவர். அந்தப் பணம் கம்பெனிக்குப் போகிறது ஐயா, ஓடுகிறவன் கைக்கு இல்லை. இன்னொருவர், "காபிக் கடையில்கூட ஐபேடைத் திருப்பி வைத்து 20 சதவிகிதம் கேட்கிறான், எத்தனை பேருக்குத்தான் அழுவது?" என்று கத்தினார். அது நியாயமான கத்தல்தான், எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. ஆனால் காபி ஊற்றுகிறவருக்குப் பெரும்பாலும் முழுச் சம்பளம் உண்டு, கார் எடுக்கிறவன் கதை வேறு. டிப்ஸ் வாங்கும் வேலை என்றால் மணிக்கு 2.13 டாலர் சம்பளம் போதும் என்கிறது மத்திய அரசின் சட்டம். 1991இல் போட்ட தொகை, இன்னும் மாறவில்லை. எங்கள் டெக்சாஸ் மாநிலத்திலும் அதுதான், இவன் கம்பெனியும் அந்தக் கணக்குத்தான். டிப்ஸ் சேர்ந்து 7.25 டாலராவது வரவேண்டும், குறைந்தால் முதலாளி ஈடுகட்டவேண்டும் என்று விதி. கலிபோர்னியாவில் இந்தப் பித்தலாட்டம் இல்லை, டிப்ஸ் வந்தாலும் முழுச் சம்பளம் தந்தாக வேண்டும்.

இதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? அடிமை முறை ஒழிந்த பிறகு, புல்மேன் கம்பெனி தன் ரயில் தூங்கும் பெட்டிகளில் கறுப்பின ஆண்களை வேலைக்கு வைத்தது. கொடுத்தது சொற்பச் சம்பளம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டது. 1925இல் சங்கம் கட்டிய அவர்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட 1937 ஆனது. டிப்ஸே கூடாது என்று 1909இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது, வேறு சில மாநிலங்களும் போட்டன, 1926க்குள் எல்லாம் காற்றில் போயிற்று. ஆக, முதலாளி தரவேண்டியதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நூறு வருஷப் பழக்கம். கோபம் வருகிறது, சரி. அதை மழையில் நனைந்துகொண்டு உன் காரை எடுத்துவருகிற பத்தொன்பது வயசுப் பையனிடம் காட்டினால், அவனுக்கு வீட்டு வாடகை யார் கட்டுவது? என் பையன் என் வீட்டில் தூங்குகிறான். கூட ஓடுகிறவர்களுக்கு அப்படி இல்லை.

நீயும் உன் வீட்டுக்காரியும் மே மாசம் வரும்போது தப்பிக்கமுடியாது. கீழவாசல் மெஸ்ஸில் நாலணாவைத் தட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு ஓடுவாயே, அந்த வேலை இங்கே நடக்காது. கார் திரும்பி வந்து, சாவி கைக்கு வரும்போது கொடு. மூன்றிலிருந்து ஐந்து டாலர், மழை என்றால் ஐந்துக்குக் குறையாதே. மடித்துக் கையில் வைத்துவிடு, தாம்பூலம் கொடுப்பதுபோல் நிற்காதே. இருபதை நீட்டிச் சில்லறை கேட்காதே, முந்தியே மாற்றி வைத்துக்கொள். கல்யாண வரவேற்பில் டிப்ஸ் கொடுத்தாயிற்று என்று போர்டு வைத்திருந்தால் சும்மா வந்துவிடலாம், அது உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு, லீவு எழுதவேண்டும். அப்புறம் சுப்பிணியின் புது நம்பர் அனுப்பு, பழையது எடுக்கவே மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
குண்டன்